முதலில் வயரைப் பிடுங்குங்கள்!

சென்ற இதழில் வற்றல், வடகத்தில் பூச்சி விழாமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் வேறொரு டப்பாவைப் பற்றி எழுதப் போகிறேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் அதற்குள் எங்கள் குடும்பத்தின் ஏழு வருஷ வாழ்க்கை இருந்தது. அதுதான் ஹார்டு டிஸ்க்.

"இதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் படம் பிடிப்பது யார்? தடுப்பூசி அட்டையை, ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுப்பது யார்? நாம்தானே! அப்படியானால் அவற்றைக் காப்பாற்றும் வழியும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். ஒன்பதாம் மாசத்தில் ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, மூத்தவனைத் தொட்டில்ல போட்ட அன்னைக்கு ஆயா தாலாட்டுப் பாடுனாகல்ல, அந்த வீடியோவை அனுப்பி வையேன். சின்னதுக்கும் அதைத்தான் போடணும்" என்றாள்.

ஆயா என்று அவள் சொன்னது என் ஆத்தாவை. ஆத்தா காலமாகி மூன்று வருஷமாகிறது. பட்டாலையில் தொட்டில் கட்டி, கொள்ளுப் பேரனை ஆட்டிக்கொண்டே பதினோரு நிமிஷம் பாடினார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன மாமன்மார் எல்லோரும் அந்தப் பாட்டில் வருவார்கள். ஆத்தாவுக்கு அவர்கள் ஆத்தாவிடமிருந்து வந்த பாட்டு. நாங்கள் யாரும் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை, எழுதியும் வைக்கவில்லை. போனில் எடுத்த அந்த வீடியோவை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, "இடம் அடைக்கிறதே" என்று போனில் அழித்துவிட்டேன். அந்த ஒரு பிரதிதான் மிச்சம்.

பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்த டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினேன். விளக்கு எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்து ஒரு கட்டம் வந்தது. 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் உபயோகிக்க முடியும். செய்யட்டுமா?' என்று கேட்டது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. பிடுங்கிப் பிடுங்கி ஆறேழு தடவை சொருகினேன். அப்பச்சி டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தட்டுவார்களே, அதுபோல முதுகில் இரண்டு தட்டும் தட்டினேன். பக்கத்து வீட்டு ஆச்சி, "ஃபிரீசர்ல ஒரு ராத்திரி வச்சா சரியாயிருமாம், எங்க பேரன் சொன்னான்" என்றார்கள். என் கணவரோ, "ஈரமாயிருக்கும். அரிசிக்குள்ள போட்டு வை. நம்ம ஊர்ல அரிசிக்கா பஞ்சம்?" என்றார். அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயலில் அதற்குப் பஞ்சமே இல்லை! கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணிட்டா ஓடும்மா" என்றார். டிஸ்க் ஓடும், வாஸ்தவம். ஆத்தாவின் குரல்?

நல்லவேளையாக, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி மகன் அந்த நேரம் பார்த்துப் போன் செய்தான். நான் படபடவென்று சொல்லி முடிப்பதற்குள், "அத்தை, முதல்ல வயரைப் பிடுங்குங்க. அப்புறம் பேசலாம்" என்றான்.

இந்தக் கட்டுரையின் சாரம் அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் விளக்கம்.

உள்ளே என்ன இருக்கிறது?

டப்பாவுக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தகடுகள் இருக்கின்றன. கையடக்க டிஸ்க்குகளில் அவை பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 90 சுற்று. தகட்டின் மேல் பூசிய காந்தப் பூச்சில்தான் நம் படங்கள் பதிந்திருக்கின்றன. கிராமபோன் ஊசி போல ஒரு சின்னத் தலை அதைப் படிக்கிறது. ஆனால் கிராமபோன் ஊசி தட்டைத் தொடும். இது தொடாது, தொடவும் கூடாது. தகட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலில் செய்த ஹார்டு டிஸ்க்கில் இரண்டடி அகலத் தகடுகள் 50 இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய யந்திரத்தில் 50 லட்சம் எழுத்துக்கள்தான் அடங்கின. இன்றைய போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது காணாது. இப்போது அந்த யந்திரம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. அதனாலேயே நுணுக்கமும் கூடிவிட்டது.

டிஸ்க் கீழே விழுந்தாலோ, வயதானாலோ தலை தகட்டைத் தொட்டுவிடலாம். தொட்டால் பூச்சு சுரண்டப்படும். சுரண்டிய தூள் வேறு இடங்களையும் கெடுக்கும். நாம் ஒவ்வொரு தடவை மறுபடி சொருகும்போதும் இந்தச் சுரண்டல் தொடரலாம். அதனால்தான், "முதலில் வயரைப் பிடுங்கு."

என்ன நோய் என்று பாருங்கள்

காய்ச்சல் என்றால் உடனே மாத்திரையா போடுகிறோம்? என்ன காய்ச்சல் என்று பார்க்கிறோமல்லவா? டிஸ்க்குக்கும் அப்படித்தான். தம்பி மகன் போனிலேயே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான்.

முதல் கேள்வி: "சத்தம் வருதா, அத்தை?" டக்... டக்... டக்... என்று தாளம் போட்டாற்போல் தட்டும் சத்தமோ, கரகரவென்று உரசும் சத்தமோ வந்தால் தலைக்கு ஆபத்து. வீட்டு வைத்தியமே கூடாது. மறுபடி சொருகவே கூடாது.

இரண்டாவது: "விளக்காவது எரியுதா?" எரியவில்லை, சுற்றவும் இல்லை என்றால் பெரும்பாலும் கரண்ட் போகும் வழியில் கோளாறு. ஒரே ஒரு தடவை வேறு வயர் போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் சொருகலாம். பல வீடுகளில் குற்றவாளி டிஸ்க்காகவே இராது. நைந்துபோன வயராக இருக்கும்.

மூன்றாவது: "சத்தமில்லை, ஆனா ரொம்ப மெதுவா, தொங்கித் தொங்கி வேலை செய்யுதா?" எங்கள் டிஸ்க் இந்த வகை. தகட்டில் அங்கங்கே இடம் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நான்காவது: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, நாம்தான் தவறுதலாக அழித்துவிட்டோம். இது இருப்பதிலேயே எளிது. சுழலும் டிஸ்க்கில் அழித்த படம் உடனே போய்விடாது. அந்த இடம் காலி என்று மட்டும் குறித்து வைக்கப்படும். அதன்மேல் வேறு எதையும் பதியாமல் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மீட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. புதுசாக வரும் எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் தகடு இல்லை. அதனால் போகும்முன் சத்தம் போட்டு எச்சரிக்காது. அழித்ததைத் தானாகவே துடைத்துவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. அதில் அழித்தது திரும்பக் கிடைப்பது அரிது.

எங்கள் வீட்டு வைத்தியம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கினான் பிள்ளை. கையில் ஒரு புது டிஸ்க், பழையதை விடப் பெரிசு.

"கெட்டுப்போன டிஸ்க்குலேருந்து நேரா படத்தைத் தேடி எடுக்கக் கூடாது, அத்தை. முதல்ல இருக்கிறதை இருக்கிறபடி புதுசுல நகல் எடுக்கணும். தேடுற வேலையெல்லாம் நகல்லதான்" என்றான்.

பென் டிரைவில் லினக்ஸ் கொண்டு வந்திருந்தான். கம்ப்யூட்டரை அதிலிருந்தே ஆரம்பித்தான். வழக்கமாக நாம் உபயோகிக்கும் விண்டோஸில் சொருகினால் அது தானாகவே டிஸ்க்கைத் துழாவ ஆரம்பித்துவிடுமாம். நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை ஓட்டினான். இலவசமாகக் கிடைப்பதுதான். அது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாம் அரிசியில் கல் பொறுக்கும்போது என்ன செய்கிறோம்? நல்ல அரிசியை மளமளவென்று ஒதுக்கிவிட்டு, கல் கிடக்கும் இடத்தைக் கடைசியில் நிதானமாகப் பார்க்கிறோம் அல்லவா? அதேதான்! நல்ல இடங்களை முதலில் வேகமாக நகல் எடுத்துவிடும். படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகும். எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து, விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பார்க்கும். எதுவரை முடிந்தது என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டே வரும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நல்ல டிஸ்க் என்றால் ஒரு டெராபைட்டை மூன்று மணி நேரத்தில் நகல் எடுத்துவிடலாம். எங்களுடையதற்கு இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஆயிற்று. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, சூடாகாமல் பார்த்துக்கொண்டோம். ஆசுபத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டான். அப்புறம் நகலில் டெஸ்ட்டிஸ்க் என்ற புரோகிராமை ஓட்டி, ஃபோல்டர்களைப் பெயரோடு எடுக்க முடிகிறதா என்று பார்த்தான். பெயர்ப் பட்டியல் இருந்த இடமே கெட்டிருந்தது. உடனே ஃபோட்டோரெக்கை ஓட்டினான். இரண்டும் இலவசம்தான். ஃபோட்டோரெக் பெயரைத் தேடாது. ஒவ்வொரு படமும், வீடியோவும் எப்படி ஆரம்பிக்கும் என்ற அடையாளத்தை வைத்தே கண்டுபிடிக்கும். கிடைப்பது கிடைக்கும், பெயர் மட்டும் இருக்காது. ஆயிரக்கணக்கில் வெறும் நம்பர்கள்தான்!

இதையெல்லாம் செய்யாதீர்கள்

நான் செய்த தப்பையும் செய்யவிருந்த தப்பையும் நீங்கள் செய்யாதிருக்கச் சொல்கிறேன்.

ஃபிரீசரில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த செம்பில் வேர்ப்பது போலத் தகட்டிலும் ஈரம் பூக்கும். தலை அதில் மாட்டிக்கொள்ளும்.

அரிசியில் போடாதீர்கள். அரிசி உள்ளே போன ஈரத்தை உறிஞ்சி எடுப்பதில்லை. அதன் தூசி வேறு போய் ஒட்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளின் கம்ப்யூட்டர்கள் சேற்றுத் தண்ணீரில் முழுகின. டிஸ்க் அப்படி நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்கவும் கூடாது, கரண்டும் கொடுக்கக் கூடாது. தண்ணீர் காய்ந்தால் அழுக்கு தகட்டில் படிந்துவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, சீக்கிரமாக நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூடியைத் திறக்காதீர்கள். வீட்டுத் தூசியில் ஒரு துகள், தலைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைப் போல எத்தனையோ மடங்கு பெரிசு.

'சரி செய்யட்டுமா? ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். சரி செய்கிறேன் என்று அது கெட்ட டிஸ்க்கிலேயே எழுத ஆரம்பித்தால் இருப்பதும் போகலாம். மீட்கும் புரோகிராமையும் அதே டிஸ்க்கில் ஏற்றாதீர்கள்.

பெரிய ஆசுபத்திரி

டக்டக் சத்தம் வரும் கேஸுக்குத் தூசியில்லா அறை வைத்திருக்கும் நிபுணர்கள்தான் கதி. அங்கே அதே மாதிரி டிஸ்க்கிலிருந்து தலையை எடுத்து மாற்றிப் படிப்பார்கள். செலவு பல ஆயிரம் ஆகும். கொடுக்கும் முன் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு? எதுவும் கிடைக்காவிட்டால் பணம் உண்டா? மதிப்பீட்டை எழுதித் தருவார்களா? பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா? முக்கியமாக, எடுத்த படங்களின் நகலைத் தங்களிடமிருந்து அழித்துவிடுவார்களா? நம் வீட்டுப் பெண்பிள்ளைகள், குழந்தைகள் படம் அதில் இருக்கிறதல்லவா? ரசீது இல்லாமல் எவரிடமும் கொடுக்காதீர்கள்.

நிபுணர்கள் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2003 பிப்ரவரி 1-ம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. நம் கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் மாண்டுபோனார்கள். சிதறி விழுந்தவற்றில் கருகிய ஹார்டு டிஸ்க் ஒன்றும் கிடைத்தது. விண்வெளியில் செய்த ஒரு ஆராய்ச்சியின் விவரம் அதில் இருந்தது. அமெரிக்க நிபுணர்கள் தகடுகளைச் சுத்தம் செய்து, ஏறக்குறைய 99 சதவிகிதத்தை மீட்டார்கள். அந்த ஆராய்ச்சி முடிவு 2008-ல் வெளிவந்தது. ஆனால் அதே விண்கலத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றுமே தேறவில்லை. பெரிய டாக்டரானாலும் எல்லா நோயாளியையும் பிழைக்க வைக்க முடியாது.

நம் ஊர்ப் பாடம்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாளெல்லாம் தமிழ்ப் புத்தகங்களையும், பத்திரிகைகளையும், நாடக நோட்டீஸ்களையும், ஏன், கலியாணப் பத்திரிகைகளைக் கூடச் சேர்த்து வைத்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள்! 1992-ல் அவர் காலமானார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோய்விடவில்லை. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. காகிதம் ஒருநாள் பொடியாகும் என்பதால் மைக்ரோஃபிலிமில் படி எடுத்தார்கள். மூலம் ஒன்று, படி வேறொன்று. அந்தக் காலத்தில் ஏட்டைச் செல் அரிக்கும் முன் புது ஏட்டில் படி எடுத்தவர்கள் செய்ததும் இதுதான்.

இதையே பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 3-2-1 என்று சுலபமாகச் சொன்னார். முக்கியமானது எதுவும் 3 பிரதி இருக்க வேண்டும். 2 வெவ்வேறு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். அதில் 1 வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒன்று போனிலோ கம்ப்யூட்டரிலோ; ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில்; ஒன்று இன்டர்நெட்டிலோ, மகள் வீட்டிலோ, தங்கை வீட்டிலோ. கூகுளில் 15 ஜி.பி. வரை இலவசம். எல்லாப் படமும் அடங்காதுதான். மிக முக்கியமான நூறு படம் அடங்குமே! ஸ்கேன் ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ் இவற்றை முதலில் ஏற்றுங்கள். பென் டிரைவை நம்பி வருஷக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். கரண்டே பாராமல் கிடந்தால் அதிலிருப்பது மெல்ல மங்கிவிடும். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை எடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருஷமானால் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, ஆத்தாவின் பாட்டு என்னாயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நானும் தம்பி மகனும் நம்பர் நம்பராகத் திறந்து பார்த்தோம். பேரனின் முதல் வருஷப் படங்கள் பல, பாதி சாம்பல் நிறமாக வந்தன. சில திறக்கவே இல்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் அவன் ஒன்றைத் தட்டினான். பட்டாலை தெரிந்தது. தொட்டில் தெரிந்தது. ஆத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்கள்!

எட்டாவது நிமிஷத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அரை நிமிஷத்துக்குக் குரலே இல்லை. பிறகு மறுபடி வந்தது. ஒரு கண்ணி மட்டும் போய்விட்டது. அதை எந்தப் புரோகிராமாலும் எடுக்க முடியாது என்று அவன் சொல்லிவிட்டான்.

மறுநாள் கண்டனூரில் இருக்கும் சின்னத்தாவிடம் அதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். எண்பத்திரண்டு வயசு. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர்கள், குரல் நின்ற இடத்தில் நிற்காமல் தானே பாடிக்கொண்டு போனார்கள். ஆத்தாவின் குரல் திரும்பியபோது இரண்டும் சேர்ந்துகொண்டது. நான் போனில் பதிவு செய்துகொண்டேன். அன்று ராத்திரியே மகளுக்கு ஒன்று, இன்டர்நெட்டில் ஒன்று, புது டிஸ்க்கில் ஒன்று என்று போட்டு வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரிய ஆச்சி இருப்பார்கள். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள். பதிவு செய்தபின் மறக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு வரியாவது நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.